இறகு உதிர்ந்த கோழிக்கு ஒரு மாத நோட்டீஸ்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள், மோட்டார் அறைக்குப் பின்னால் இருக்கும் கோழிகளை அப்புறப்படுத்துவது. இரண்டு வாரத்துக்கு முன்பு செயற்குழு நம் காவலாளி குடும்பத்துக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் கோழிகளுக்கு இறகு முளைத்துப் பழையபடி ஆகிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும். இன்று அதற்குச் சங்கத்தின் ஒப்புதல் கேட்கிறார்கள். அந்த ஒரு மாதக் கணக்கு சரியில்லை என்று சொல்லத்தான் செயலாளரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

விஷயம் எப்படித் தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. முதுகு வழுக்கையாக ஒரு கோழி, கழுத்தே மொட்டையாக இன்னொரு கோழி. அரை மணி நேரத்தில் நாற்பது செய்திகள். பறவைக் காய்ச்சல் என்றார் ஒருவர், சொறி என்றார் இன்னொருவர், குழந்தைகளைக் கீழே விடாதீர்கள் என்று மூன்றாவது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்தவன். ஆனால் கிராமத்தில் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கிராமக் கிளைகளில் இருந்த காலத்தில் ஐ.ஆர்.டி.பி. கடனில் வாங்கிய ஆடு, மாடு, கோழிகளைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். மாட்டுக்காவது காதில் தோடு போட்டிருப்பார்கள், அதை வைத்து இது நம் கடன் மாடு என்று சொல்லிவிடலாம். கோழிக்கு அதுவும் கிடையாது.

முதலில் பயத்தைப் பேசிவிடுகிறேன். இந்தியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாபூரில் உறுதியானது. அந்த நோய் வந்தால் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்து விழும், முகம் வீங்கும், கொண்டையும் தாடியும் நீலம் பாயும். அப்படி ஒரு நாள் நடந்தால் யாரும் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இறகு உதிர்வது அதன் அடையாளம் இல்லை. நம் கோழிகள் நன்றாக மேய்கின்றன, கொண்டை சிவப்பாக இருக்கிறது, எச்சம் சரியாக இருக்கிறது. இரண்டு மாதமாக ஒன்றுகூடச் சாகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காவலாளியின் மனைவி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் 9 பெட்டை, 3 சேவல். பெட்டைகளில் எட்டுக்கு எங்காவது இறகு குறை. ஒன்பதாவது மட்டும் முழு இறகோடு பளபளவென்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எட்டுக்கும் காரணம் ஒன்றல்ல. உடம்பில் எந்த இடத்தில் இறகு போயிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் படத்தில் அது தெரியாது.

கழுத்து மொட்டையான கோழியை முதலில் தள்ளுபடி செய்துவிடலாம். அது கிராப்புக் கோழி. பிறவியிலேயே கழுத்தில் இறகு கிடையாது. தாயோ தந்தையோ ஒன்று அப்படி இருந்தாலே குஞ்சுகளுக்கும் வரும். வெயில் ஊருக்கு அது நல்லதுதான், உடம்புச் சூடு சுலபமாக வெளியேறும். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கமும் இப்படிக் கோழிகள் உண்டு. படத்தைப் பார்த்து எல்லோரும் அதிகமாகப் பயந்தது இந்தக் கோழிக்குத்தான். அதற்கு இறகு முளைக்க ஒரு மாதம் கொடுத்தாலும் சரி, ஒரு வருடம் கொடுத்தாலும் சரி!

வயதான இரண்டு கோழிகளுக்குத் தலையிலிருந்து தொடங்கி, கழுத்து, மார்பு, உடம்பு என்று வரிசையாக உதிர்ந்திருக்கிறது. இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. உதிர்ந்த இடத்தில் தோல் சுத்தமாக இருக்கிறது, முள் முள்ளாகப் புதுக் குருத்து எட்டிப் பார்க்கிறது. "அதுக்கு றெக்கை உதுக்குற காலம் சார்" என்று அந்தம்மா முதல் நாளே சொன்னார். நாம்தான் காதில் வாங்கவில்லை.

இதை நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. விராலிமலையில் மயில் பார்க்காதவர் இங்கே யாராவது உண்டா? அந்த மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் தோகை முழுவதையும் உதிர்த்துவிடுகிறது. குட்டை வாலோடு திரியும் மயிலைப் பார்த்து அதற்கு நோய் என்று யாரும் சொல்வதில்லை. விழுந்த பீலியை எடுத்து வீட்டில் வைக்கிறோம். மயிலுக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயம்.

கோழி பொதுவாக ஒன்றரை வயதை ஒட்டி முதல் முறை இப்படிப் பழைய உடுப்பைக் கழற்றுகிறது, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. பகல் நேரம் குறைவதுதான் உடம்புக்குக் கிடைக்கும் செய்தி. குளிர் நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதால் எல்லாக் கோழியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்க்கும். புதுக்கோட்டையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே ஒன்று இப்போது, ஒன்று இரண்டு மாதம் கழித்து என்று முன்பின்னாக நடக்கிறது. ஒரு கோழிக்கு முடிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

அந்த நாட்களில் கோழி முட்டையை நிறுத்திவிடும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒன்றரைக் கிலோ கோழிக்கு இறகு மட்டும் 80 கிராம் போல இருக்கும். அதில் பெரும்பகுதி சுத்தமான புரதம். ஒரு முட்டையில் இருக்கும் புரதம் சுமார் 6 கிராம். ஆக ஒரு முழு இறகு உடுப்பு கிட்டத்தட்ட 12 முட்டைக்குச் சமம். நாட்டுக்கோழி ஒரு தடவை முட்டையிட ஆரம்பித்தால் 12, 15 இட்டுவிட்டுத்தானே அடைக்கு உட்காருகிறது? அந்த முழு வரவையும் எடுத்து இறகில் செலவு வைக்கிறது. இரண்டு செலவையும் ஒன்றாகத் தாங்க அதனால் முடியாது. பெரிய முட்டைப் பண்ணைகள் இந்தத் தொடர்பைத் தலைகீழாகப் பயன்படுத்தின. கோழிகளைப் பல நாள் பட்டினி போட்டு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறகு உதிர்க்க வைத்து, மறு சுற்று முட்டைக்குத் தயார் செய்வார்கள். அப்படிப் பட்டினி போடுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-ல் பண்ணைகளுக்கு அறிவுறுத்தியது. நம் கோழிகளை யாரும் பட்டினி போடவில்லை, அதுவாகவே உதிர்க்கிறது. இந்தச் சமயத்தில் அதைத் துரத்திப் பிடிப்பதும் குழந்தைகள் தூக்கி விளையாடுவதும் வேண்டாம். புதுக் குருத்துக்குள் இரத்தம் ஓடும். ஒடிந்தால் வலிக்கும், இரத்தம் வரும், இரத்தத்தைப் பார்த்தால் மற்றக் கோழிகள் கொத்த வரும்.

அடுத்து, முதுகு வழுக்கையான மூன்று. இவை இளம் பெட்டைகள். முதுகு, தோள்பட்டை, பிடரி இந்த மூன்று இடத்தில் மட்டும் இறகு ஒடிந்தும் பிய்ந்தும் இருக்கிறது. சேவல் மிதிக்கும்போது நகத்தாலும் முள்ளாலும் முதுகைப் பற்றும், அலகால் பிடரியைக் கவ்வும். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. இங்கே ஒன்பதுக்கு மூன்று சேவல். அதிலும் அவற்றுக்குப் பிடித்தமான பெட்டைகள் என்று சில இருக்கும், சுமை முழுவதும் அவற்றின் முதுகில்தான். இரண்டு சேவலை விற்றுவிடுங்கள் என்று நான் சொன்னேன். "குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது சார், விக்க முடியாது" என்றார்கள். நியாயம். ஆகவே அந்த இரண்டையும் தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரே பஞ்சாரத்தில் வைத்தால் சண்டையில் நமக்கு வேறு படம் வரும்.

இன்னொன்றுக்கு மார்பில் மட்டும் இறகு இல்லை. அது அடைக்கோழி. முட்டைக்குத் தோல் சூடு நேராகப் படவேண்டும் என்று நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. அதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது ஒரு கோழி. அதற்கு வருவதற்கு முன்னால் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

முதுகு வழுக்கையான மூன்றில் இரண்டுக்கு வால் அடியிலும் இறகு கடித்து ஒடித்ததுபோல் இருக்கிறது. அது சேவல் வேலை இல்லை, கோழிகளே ஒன்றையொன்று கொத்துவது. இப்படிக் கொத்துகிற கூட்டத்தில் முழு இறகோடு பளபளவென்று நிற்கும் கோழியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் ஒன்பதாவது கோழி அதுதான் என்று நினைக்கிறேன். கோழி கொத்துவதற்கு இட நெருக்கடி ஒரு காரணம், உப்புச்சத்துக் குறைவு ஒரு காரணம், சும்மா இருப்பதும் ஒரு காரணம். முக்கியமான காரணம் புரதக் குறைவு. இரண்டு பிளாக்கிலும் நாம் அன்போடு கொண்டுபோய்க் கொட்டுவது என்ன? பழைய சோறு, இட்லி, தோசைத் துண்டு. அரிசியில் புரதம் 7 சதவீதம் அளவு. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் வைக்கிறார்கள். நம் சோற்றில் வயிறு நிரம்பிவிடுவதால் கோழி புழு பூச்சி தேடிப் போவதும் குறைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவளின் இறகில் புரதம் இருப்பது அதற்குத் தெரிகிறது, பிடுங்கித் தின்கிறது.

சோற்றைப் பாதியாகக் குறைப்போம். பதிலுக்குக் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. ஆலங்குடிப் பக்கம் கடலைக்குக் குறைவில்லை. பூசணம் பிடித்த புண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது, அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். இறகுக்குக் கந்தகம் சேர்ந்த புரதம் வேண்டும். அது கடலைப் புண்ணாக்கில் குறைவு, எள்ளுப் புண்ணாக்கிலும் மீனிலும் அதிகம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும் கருவாட்டில் உதிரி, தலை இவற்றை உப்புப் போகக் கழுவிக் காயவைத்து இடித்துப் போடலாம். கழுவாமல் போட்டால் உப்பே கோழிக்கு விஷம். முருங்கைக்கீரைக் கொத்தைக் கோழி எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அதைக் கொத்திக்கொண்டிருக்கும், அடுத்தவளின் வாலை விட்டுவிடும். எங்கள் அம்மா பழைய பானையில் சாணமும் வைக்கோலும் வைத்துக் கவிழ்த்து, கரையான் ஏறவிட்டுக் குஞ்சுகளுக்குத் தட்டுவார். அடுக்குமாடியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கோழி. ஆசனவாயைச் சுற்றி இறகு மெலிந்து, இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஈர் ஒட்டியிருந்தது. விரலால் விலக்கியதும் வைக்கோல் நிறத்தில் பேன்கள் ஓடின. இது சந்தேகமே இல்லாமல் கோழிப்பேன். புகார் செய்தவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதற்கு இது சாட்சி, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கோழிப்பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழி மேலேயே கழிக்கிறது, நம் தலையில் குடியேறாது.

நமக்குத் தொல்லை தரக்கூடியது இன்னொன்று: செல். பகலில் கூண்டின் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து கோழியின் இரத்தத்தைக் குடித்துவிட்டுத் திரும்பும் பொடிப் பூச்சி. குடித்தபின் சிவப்பாக இருக்கும். இது மனிதர்களையும் கடிக்கும், அரிப்பும் தடிப்பும் வரும். நம் உடம்பில் தங்காது, அவ்வளவுதான் ஆறுதல். முதல் தளத்தில் ஒரு குழந்தைக்குக் கையில் தடிப்பு என்று அதன் அம்மா சொன்னதை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஆனால் அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்வேன். கோழிகளை நாளைக்கே விற்றுவிட்டால் செல் போய்விடுமா? போகாது. பட்டினியாகப் பல மாதம் பலகை இடுக்கில் உயிரோடு கிடக்கும் பூச்சி அது. கோழி இல்லாத கூண்டிலிருந்து இரத்தம் தேடி அது வெளியே கிளம்பும். பக்கத்தில் இருப்பது நாம். ஆகவே கோழி இருந்தாலும் போனாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை கூண்டைச் சுத்தம் செய்வதுதான். இன்னொன்று, இதே செல் புறாக் கூட்டிலும் இருக்கும். நம் ஏ.சி. வெளிப்பெட்டிகளுக்கு அடியில் எத்தனை புறாக் கூடு இருக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? அந்தக் குழந்தையின் படுக்கை அறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு இருக்கிறது. தடிப்பு எதனால் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டிய இடம் இரண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

கூண்டைக் காலி செய்து, இடுக்கெல்லாம் சுரண்டி, கொதிநீர் ஊற்றிக் காயவைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோழிகள் புரள ஒரு குழி வெட்டி, மழை படாமல் மேலே தகடு போட்டு, செம்மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்ப வேண்டும். கோழி அதில் புரண்டு சிலிர்க்கும்போது பேன் பெருமளவு உதிரும். பேன் பிடித்த கோழிக்கு மருந்து வேண்டுமென்றால் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத்தான் போட வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தாமல், ஈர் பொரித்து வரும் பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும். ரோஜாச் செடிக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தைத் தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம், அந்த முட்டையை நம் வீடுகளில்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் புதுக்கோழி வாங்கி வந்தால் இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தில் விட வேண்டும்.

இப்போது ஒரு மாத அவகாசத்துக்கு வருகிறேன். அடியோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் மறுபடி முளைத்துவிடும், நல்ல தீனி இருந்தால் ஒன்றரை, இரண்டு மாதம். ஆனால் பாதியில் ஒடிந்த இறகு அப்படி இல்லை. தண்டின் அடி தோலுக்குள் இருக்கும்வரை அந்த இடத்தில் புது இறகு வராது. அடுத்த இறகு உதிர்க்கும் பருவம் வரை கோழி அந்த ஒடிந்த தண்டோடுதான் திரியும், அது பல மாதம்கூட ஆகலாம். சேவல் மிதித்த மூன்று கோழிகளுக்கும் ஒடிந்ததே அதிகம். ஆக, அந்தக் குடும்பம் இன்றைக்கே சேவலைப் பிரித்து, தீனியை மாற்றி, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து எல்லாம் சரியாகச் செய்தாலும், ஒரு மாதம் கழித்து நாம் போய்ப் பார்த்தால் முதுகு வழுக்கையாகத்தான் இருக்கும். இறகு முளைக்கவில்லை என்று விற்கச் சொல்வோம். அந்தம்மாவுக்கு முட்டை விற்று வரும் பணம் பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்துக்குப் போகிறது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவர்கள் வீட்டுக் கணக்கில் அது சிறிய தொகை இல்லை.

அதனால் தீர்மானத்தில் இரண்டு வரியை மாற்றச் சொல்கிறேன். அவகாசம் மாசி மாதம் முடியும் வரை. பார்க்க வேண்டியது முதுகில் இறகு இருக்கிறதா என்பதை அல்ல. கூண்டு இடுக்கில் செல் இருக்கிறதா, கோழி மேல் பேன் இருக்கிறதா, புதுக் காயம் இருக்கிறதா, சேவல்கள் தனியே இருக்கின்றனவா, எச்சம் அள்ளப்படுகிறதா, கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா, இவ்வளவையும் பார்க்க வேண்டும். இவற்றில் தவறினால் கோழிகளை எடுக்கச் சொல்ல நானே முன்மொழிகிறேன். சுண்ணாம்புச் செலவையும் தகட்டுச் செலவையும் சங்கம் ஏற்கலாம், பொருளாளர் முறைக்கிறார், முந்நூறு ரூபாய்க்கு மேல் போனால் மிச்சம் என்னுடையது. ஏ.சி. பெட்டிக்கு அடியில் உள்ள புறாக் கூடுகளை அந்தந்த வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலை நாலு மணிக்குச் சேவல் கூவுவது பற்றி மூன்றாம் தளத்து நண்பர் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செல் பகலில் கண்ணில் படாது. இன்று இரவு எட்டரை மணிக்குக் கோழிகள் அடைந்தபின் மோட்டார் அறைக்குப் பின்னால் வாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றும் டார்ச்சும் நான் கொண்டு வருகிறேன். பலகை இடுக்கில் துணியை ஓட்டி எடுத்துப் பார்ப்போம். அதைப் பார்த்தபின் ஆறாவது பொருளை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.